பெத்லகேம் பேக்கரிக்காரரின் ஏழாம் நம்பர் மட்டை

பெத்லகேம் பேக்கரி பிலவேந்திரனோடு அவருடைய மனைவி ஜெசிந்தா டீச்சர் ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தது கோபத்தினால் அல்ல, கோல்ஃப் கிளப்பின் சட்டப்படிதான் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அந்த அம்மாளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே, மேகம் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிற கோடமட்டம் என்ற மலையூரில், மழை விட்டதும் வருஷாவருஷம் தம்பதிக் கோப்பை என்று ஒரு கோல்ஃப் போட்டி நடக்கும். அதில் ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. புருஷன் ஒரு அடி, பெண்டாட்டி ஒரு அடி என்று மாறி மாறி அடித்து, ஒன்பது குழியிலும் அந்தப் பந்தைப் போட்டு முடிக்க வேண்டும். ஒருத்தர் எங்கே கொண்டுபோய் வைக்கிறாரோ அங்கிருந்துதான் அடுத்தவர் அடித்தாக வேண்டும் என்பதால், கல்யாணம் ஆனவர்களுக்கு இதைவிடக் கொடுமையான விளையாட்டு உலகத்தில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரைசானி தன் துரையை மட்டையோடு துரத்திக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கிய நாளிலிருந்து கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. முதல் அடியிலிருந்து கடைசிக் குழியில் பந்து விழும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் கோப்பை கிடையாது. துரைகள் போய்விட்டார்கள், துரைசானிகளும் போய்விட்டார்கள், சட்டம் மட்டும் போகவில்லை.

போன வருஷம் ஒன்பதாம் குழிக்குப் போகும் புல்வெளியில் ஜெசிந்தா டீச்சர் பந்தை நட்டநடுவில் கொண்டுவந்து வைத்தார். கான்வென்ட் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், அவர் வைத்தால் தட்டில் வைத்த மாதிரிதான் இருக்கும். பிலவேந்திரன் தன்னுடைய மூணாம் நம்பர் மட்டையை உருவினார். பேக்கரி வேலையில் உரமேறிய தோளையெல்லாம் கூட்டி, ஊரே பார்க்க ஓங்கி ஒரு வீசு வீசினார். பந்து கிளம்பும்போது நேராகத்தான் கிளம்பியது, பாதி வழியில் என்ன நினைத்ததோ, வலது பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டி, பாதையைத் தாண்டி, அட்டைப்பூச்சி மண்டிய சோலைக்காட்டுக்குள் போய் விழுந்தது. கூடி நின்றவர்கள் "அடடா" என்றார்கள். அந்த "அடடா"வைத் தாங்க முடியாத பிலவேந்திரன் சட்டத்தையும் மறந்து பெண்டாட்டி பக்கம் திரும்பி, "நீ பந்தைப் பள்ளத்துல கொண்டுவந்து வெச்சா நான் எப்படி அடிக்கிறதாம்?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டுவிட்டு, பந்தைத் தேடக்கூடப் போகாமல் விறுவிறுவென்று டீ குடிக்கப் போய்விட்டார்.

அங்கே பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. ஜெசிந்தா டீச்சர் அந்த இடத்தில் நின்று தரையைப் பார்த்தார், சோலையைப் பார்த்தார், கிளப் செயலாளர் நஞ்சுண்டனைப் பார்த்தார். "பந்து இன்னும் குழியில விழலையே சார், அப்ப ஆட்டம் முடியலைதானே?" என்று கேட்டார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற, விசில் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாத நஞ்சுண்டன், "சட்டப்படி முடியலை, டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்.

வீட்டில் ஒன்றும் குறையவில்லை. வேளாவேளைக்குச் சோறு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு இஸ்திரி போட்ட சட்டை, எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் புட்டு என்கிற நாய் வழியாக நடந்தது. "புட்டு, உங்கப்பாகிட்ட சொல்லு, மாத்திரை போடணும்னு." "புட்டு, உங்கம்மாகிட்ட சொல்லு, போட்டாச்சுன்னு." நாய் பாவம், சாப்பாட்டு நேரத்தில் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, டென்னிஸ் பார்க்கிறவன் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி இளைத்தே போய்விட்டது.

பிலவேந்திரனுக்கு மனசு விட்டுப்போயிற்று. வாயைத் திறந்தால் மூடாத பெண்டாட்டி வாய்த்தவருக்குத்தான் தெரியும், அந்த வாய் மூடிக்கொண்டால் வீடு எவ்வளவு பெரிசாகிவிடுகிறது என்று. அவர் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கோளாறு மட்டையில்தான். நல்ல மட்டை ஒன்று கிடைத்துவிட்டால் இந்த வருஷம் ஒன்பதாம் குழியை முடித்துவிடலாம், முடித்துவிட்டால் ஜெசி பேசியாக வேண்டும். தன் வாயில் கோளாறு இருக்கலாம் என்று மட்டும் மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

எஸ்டேட்டைவிட்டுக் கிளம்புகிற மேனேஜர்கள் விட்டுவிட்டுப் போகும் மான் கொம்பு, பியானோ, கால் வைத்த குளியல் தொட்டி என்று எதையும் வாங்கி விற்கிற சாகுல் பாயின் கடைக்கு அவர் போனார்.

"பாய், நான் எப்படி அடிச்சாலும் நேராப் போற மாதிரி ஒரு மட்டை வேணும்."

"உங்களுக்கு வேண்டியது மட்டை இல்லீங்க பேக்கரி ஐயா, மந்திரவாதி" என்றார் சாகுல் பாய். "சரி, முதல்ல அந்த மூணாம் நம்பரைத் தூக்கி ஓரமா வைங்க. அதோட முகத்தைப் பாருங்க, நட்டுக்குத்தா நிக்குது. தரைல கிடக்கிற பந்தை அது மேல தூக்கணும்னா அடிக்கிறவன் கை சுத்தமா இருக்கணும். துளி பிசகினாலும் காட்டிக் கொடுத்துடும். நீங்க ஏழாம் நம்பருக்கு வாங்க. முகம் மல்லாந்து வானத்தைப் பார்க்குது பாருங்க, பந்து தானா எழும்பும். தூரம் கொஞ்சம் குறையும். குறைஞ்சா குறையட்டுமே, காட்டுக்குள்ள தூரமாப் போயி என்ன பண்ணப் போறீங்க?"

பாய் மூலையிலிருந்து மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஊன்றிக் காட்டினார். மரத்தில் செய்வதை நிறுத்தி எவ்வளவோ காலமாகியும் 'வுட்' என்றே பெயர் சொல்லப்படுகிற, குண்டுத் தலை வைத்த உலோக மட்டைகள். "தலை அகலமா இருக்கணும். அப்பத்தான் நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் கோவிச்சுக்காது. கனம் கீழயும் பின்பக்கமும் இருக்கணும். உங்க பேக்கரில மாவு பிசையிற குண்டான் அடி கனமா இருக்கிறதாலதானே சாயாம நிக்குது, அதே கதைதான். தண்டு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும், விறைப்பான தண்டு உங்க வயசுக்கு ஆகாது."

"என் வயசுக்கு என்னய்யா?"

"ஒண்ணுமில்லீங்க, நல்ல வயசு."

கடைசியாக, பியானோவுக்குப் பின்னாலிருந்து, பாசி நிறத்தில் அகலத் தலையோடு ஒரு ஏழாம் நம்பரை பாய் வெளியே எடுத்தார். பிலவேந்திரன் அதைக் கையில் வாங்கினதுமே, ரொம்ப நாளாகத் தெரிந்தவர் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. பாய் கொஞ்சம் தயங்கினார். "ஐயா, இதைப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். என்ன தப்புப் பண்ணினாலும் இது பொறுத்துக்கும். ஆனா அந்தத் தப்பை எங்க கொண்டுபோய் வைக்குதுன்னு நான் கேட்டதில்லை."

"எங்கயோ வெச்சுட்டுப் போகுது, எனக்கென்ன?" என்றார் பிலவேந்திரன்.

மறுநாள் காலையில் பயிற்சிப் புல்வெளிக்குப் போய், வழக்கம்போல ஓங்கி வீசினார். மட்டையின் ஓரத்தில் பட்டதும், கை அதிர்ந்ததும், இது வலது பக்கம்தான் போகப்போகிறது என்று உடம்பு முழுக்கத் தெரிந்ததும் உண்மை. ஆனால் பந்து கயிறு பிடித்த மாதிரி நேராகப் போய் இறங்கியது. அதே நேரத்தில், மேல் பாதையில் வந்துகொண்டிருந்த எட்டு மணி பஸ், என்றைக்கும் நேராகப் போகிற முக்கில் சாவதானமாக வலது பக்கம் திரும்பி, எந்த பஸ்ஸும் எந்தக் காலத்திலும் இறங்காத மண் பாதையில் இறங்கி, தேயிலை பறிக்கிறவர்கள் குடியிருக்கும் எட்டாம் நம்பர் லயன் வீடுகளுக்கு முன்னால் போய் நின்றது. டிரைவர் கெங்கையா, "நான் திருப்பலீங்க, அதுவா திரும்புச்சு" என்றார். லயன் பெண்கள் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பஸ் வந்திருக்கிறது, ஏறிக்கொண்டார்கள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பிலவேந்திரன் கொஞ்சமாகத் தப்பு செய்தால் ஊரில் சின்னதாக ஏதாவது ஒன்று வலது பக்கம் திரும்பும், பெரிசாகத் தப்பு செய்தால் பெரிசாக ஒன்று திரும்பும். சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இடது வகிடு வலது வகிடாயிற்று, வீட்டுக்குப் போனால் பெண்டாட்டிமார் பத்து வயசு குறைந்திருக்கிறது என்றார்கள். சங்கர் டெய்லர் கடையில் தைத்த பேண்ட்டுகளுக்கெல்லாம் வலது கால் மட்டும் மணி மாதிரி விரிந்தது, காலேஜ் பையன்கள் அதைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மாரியம்மன் தேர் முக்கில் வலது பக்கம் திரும்பி, பள்ளிவாசல் தெருவுக்குள் போய்விட்டது. திடுதிப்பென்று வாசலுக்கு வந்துவிட்ட அம்மனை என்ன செய்வது, சாகுல் பாய் வீட்டுக்காரர்கள் தேர் இழுத்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கரைத்துக் கொடுத்தார்கள். அது ரொம்ப நன்றாக இருந்ததால், அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தப் பக்கம் போகலாமா என்று தேர் இழுக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் வலது பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, வேறொரு கல்யாணத்தில் உட்கார்ந்து பந்தி முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்கு வந்தது. சாப்பாடு அங்கேதான் பிரமாதம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பெண் வீட்டார் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சலூன் ஜன்னலிலிருந்து பார்த்தால் கோல்ஃப் மைதானம் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த பிறகு யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. பெத்லகேம் ஐயா மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார் என்றால் நாவிதர்கள் கத்திரியைக் கீழே வைத்தார்கள், ஊசியில் நூல் கோர்க்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்தார்கள், முக்கில் நிற்கும் டிராஃபிக் போலீஸ்காரர் தன் சொந்தச் செலவில் 'ஐயா ஆடும் நேரம், வலது பக்கம் ஜாக்கிரதை' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். மழைக்கு எப்படிக் குடை எடுத்துக்கொள்வார்களோ அப்படி அதையும் பழகிக்கொண்டார்கள்.

எட்டாம் நம்பர் லயனிலிருந்து தவமணி என்கிற பெண் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பேக்கரிக்கே வந்தாள். பிலவேந்திரன் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, முன்னெச்சரிக்கையாக ஆளுக்கு ரெண்டு வர்க்கி பிஸ்கட் எடுத்து நீட்டினார்.

"ஐயா, காலைல எட்டு மணி வாக்குல ஒரு அடி அடிக்கிறீங்களே, அதை விட்டுடாதீங்க" என்றாள் தவமணி. "நீங்க அடிச்சாத்தான் பஸ்ஸு எங்க பக்கம் திரும்புது. பிள்ளைங்க நனையாமப் பள்ளிக்கூடம் போகுதுங்க. என் மாமியாரை முந்தாநேத்து உக்கார வெச்சு ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனேன், கட்டில்ல வெச்சுத் தூக்கலை. சாமி சத்தியமாச் சொல்றேன், உங்களை மாதிரி மோசமா அடிக்க யாராலயும் முடியாது."

"ஞாயித்துக்கிழமை நல்லா அடிச்சுட்டீங்க போல, பஸ்ஸு வரவே இல்லை" என்று இன்னொருத்தி குறைப்பட்டுக்கொண்டாள்.

பிலவேந்திரனுக்கு வாயெல்லாம் பல். தன் தப்பினால் ஊர் நன்றாக இருக்கிறது என்று கேட்டு எந்த மனுஷனுக்குத்தான் மனசு குளிராது? அன்றைக்குச் சாப்பிடும்போது, "புட்டு, உங்கம்மாகிட்ட சொல்லு, ஒரு லயனுக்கே நான்தான் பஸ் விடுறேன்னு" என்றார். ஜெசிந்தா டீச்சர் ரசத்தை ஊற்றிவிட்டு, "புட்டு, உங்கப்பாகிட்ட சொல்லு, ரசம் சூடா இருக்குன்னு" என்றார். அதற்கு மேல் நாயிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஊர் வாய் லேசுப்பட்டதா? போகப் போக, மட்டை செய்ததும் செய்யாததும் எல்லாம் பிலவேந்திரன் தலையில் வந்து விழ ஆரம்பித்தது. சாயங்காலமானால் தெருமுனை மதுக்கடைக்குத் திரும்புகிறவர், "நான் வீட்டுக்கு நேராத்தான் வந்தேன் தாயி, ஐயா அடிச்சுட்டாரு" என்றார். கணக்கில் முட்டை வாங்கின பிள்ளைகள், "பிலவேந்திரன் அங்கிள் அடிச்சாரு, சிஸ்டர்" என்றார்கள். கொடுக்கல் வாங்கல், கள்ளத் தொடுப்பு, குழம்பில் உப்பு, எதுவாக இருந்தாலும் சரி, "ஐயா அடிச்சாரு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கோடமட்டத்தில் தப்பு செய்கிறவர்கள் என்று ஒருத்தரும் இல்லாமல் போனார்கள், பிலவேந்திரன் ஒருத்தரைத் தவிர.

தம்பதிக் கோப்பைக்கு முந்தின நாள் பேக்கரியில் ஒரு அடுப்பு வர்க்கி முழுவதும் கரியாகிவிட்டது. அடுப்பு மாஸ்டர் சவரிமுத்து தட்டை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே, "நீங்க அடிச்சுட்டீங்க போல, ஐயா" என்றார்.

பிலவேந்திரனுக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், நான் இன்னிக்கு மட்டையைத் தொடவே இல்லை! நெருப்பைப் பார்க்க வேண்டியவன் நீ. நீ வாசல்ல நின்னு கதை பேசிட்டு, சும்மா நிக்கிற என் மேல பழியைத் தூக்கிப் போடுறியே, உனக்கு வெக்கமா இல்லை? நாலு பேர் முன்னாடி இப்படிச் சொன்னா எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தியா?"

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. சவரிமுத்து பயந்துபோய், "ஐயா, நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார். "வலிக்குது" என்றார் பிலவேந்திரன். கரிந்த வர்க்கி ஒன்றை எடுத்துக்கொண்டு மாவு மூட்டை மேல் போய் உட்கார்ந்து, சாயங்காலம்வரை அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

போட்டி அன்றைக்கு ஊர் முன்ஜாக்கிரதையாகக் கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டது. திரும்புவதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் திரும்பாது என்று கணக்கு. எட்டாம் நம்பர் லயன்காரர்கள் பஸ்ஸிலேயே வந்து வேலியோரம் வரிசையாக நின்றார்கள். பிலவேந்திரன் பழைய மூணாம் நம்பரையும் பாசி நிற ஏழாம் நம்பரையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் எட்டுக் குழியிலும் ஏழாம் நம்பர் அவரைக் கைவிடவில்லை. அவர் வீசுகிற வீச்சுக்கு மேகங்கள் மட்டும் வேறு வழியில்லாமல் வலது பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருந்தன. எட்டாம் குழி முடிந்தபோது எல்லா ஜோடிகளுக்கும் முன்னால் இருந்தது பேக்கரி ஜோடிதான்.

ஒன்பதாவது புல்வெளியில் ஜெசிந்தா டீச்சர் முதல் அடியை அடித்தார். பந்து போய் உட்கார்ந்தது, போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில். தற்செயல் என்று யாரும் நினைக்கவில்லை. டீச்சர் மட்டையை ஊன்றிக்கொண்டு, புருஷனைப் பார்க்காமல் அவருடைய பையைப் பார்த்தார்.

பிலவேந்திரன் ஏழாம் நம்பரை உருவினார். இதை வீசினால் போதும், பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஜெசி ஒரு தட்டு தட்டினால் கோப்பை, ஆட்டம் முடிந்துவிடும், பேச்சு வந்துவிடும். ஒரு வருஷமாக எதற்காக ஏங்கினாரோ அது அவர் கைப்பிடிக்குள் இருந்தது. இந்தத் தப்பு இப்போது யார் வீட்டு வாசலுக்குப் போகும் என்று நினைத்தார், போன வருஷம் அது யார் தலையில் போய் விழுந்தது என்று நினைத்தார். இந்த மட்டை இல்லாமலேயே, வெறும் வாயால் அந்த வேலையைச் செய்தவர் அவர்.

நேரே வேலிக்கு நடந்து போய் மட்டையைத் தவமணியிடம் நீட்டினார். "வெச்சுக்கம்மா. இனிமே பஸ்ஸுக்கு என்னை நம்பாதீங்க. நீங்களே அடிச்சுக்கோங்க."

"எங்களுக்கு அடிக்கத் தெரியாதே, ஐயா!"

"அதுதான் தாயி வேணும்."

திரும்பி வந்து மூணாம் நம்பரை எடுத்தார். நட்டுக்குத்தாக நிற்கிற, எதையும் பொறுத்துக்கொள்ளாத அந்த முகத்தைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். ஓங்கி வீசினார். பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் வளைந்து, வேலியையும் பாதையையும் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் போய் விழுந்தது. ஊரில் ஒரு துரும்பும் திரும்பவில்லை.

"அடடா" என்றது கூட்டம்.

பிலவேந்திரன் அந்த "அடடா" முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார். "ஜெசி, நீ வெச்ச இடம் நல்ல இடம். தப்பு என்னுது. போன வருஷமும் நீ வெச்ச இடம் நல்ல இடம்தான். அன்னிக்கும் தப்பு என்னுதுதான்."

நஞ்சுண்டன் விசில் ஊதினார். பேசியாகிவிட்டது, கோப்பை போயிற்று. அதைக் கொண்டுபோய் சங்கர் டெய்லர் ஜோடியிடம் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா டீச்சர் அது எதையும் காதில் வாங்காமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சோலைக்குள் நடந்தார். அடுத்த அடி அவருடையதல்லவா? பின்னாலேயே பிலவேந்திரன், அவருக்குப் பின்னால் புட்டு.

பந்து பெரணிச் செடிக்குள் பளிச்சென்று கிடந்தது. டீச்சர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எப்போதோ தேடிப் பார்த்து வைத்தவர் மாதிரி, பக்கத்து வேருக்கடியில் குனிந்து பாசியை விலக்கினார். அங்கே இன்னொரு பந்து இருந்தது, ஒரு வருஷ மழையில் பச்சை பூத்து, பேக்கரி டப்பாவில் போடுகிற சிவப்பு முத்திரை பாதி அழிந்து. போன வருஷத்துப் பந்து. அதன் முன்னால் காலை அகட்டி நின்று, மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சந்தைப் பார்த்து அடித்தார். அது இலைகளைக் கிழித்துக்கொண்டு பாதையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, குழிக்கு ஒரு ஜாண் தள்ளி வந்து நின்றது.

இனி பிலவேந்திரன் முறை. ஒரு ஜாண்தான், ஆனால் ஒரு ஜாணைத் தவறவிடுவதில் அவர் பேர் போனவர். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய, ஊர் முகத்தைப் பார்க்கக் கூசி, தலையைக் குனிந்தபடியே நின்றார். குனிந்தபடியே தட்டினார். டொக்கென்று சத்தம் கேட்டது. பந்து குழிக்குள் இருந்தது.

ஜெசிந்தா டீச்சர் ஒரு பெரிய மூச்சு விட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் உடைந்தது.

"பார்த்தீங்களா? தலையைத் தூக்காம அடிச்சீங்க, நேராப் போச்சு! பந்து மட்டைல படுறதுக்கு முன்னாடியே யார் யாரு பாக்குறாங்கன்னு தலையைத் தூக்கிப் பாக்குறீங்க, அதனாலதான் அது வளைஞ்சுகிட்டுப் போகுது. மட்டையை மாத்தி என்ன புண்ணியம்? ஒரு வருஷமா இதைச் சொல்லணும்னு எனக்குத் தொண்டைல வந்து நிக்குது!"

"அப்பவே சொல்லியிருக்கலாமே, ஜெசி?"

"எப்படிச் சொல்றது? ஆட்டம்தான் முடியலையே!"

அந்தப் பாசி நிற மட்டை இப்போதும் எட்டாம் நம்பர் லயனில்தான் இருக்கிறது. காலையில் கொழுந்துக்குப் போவதற்கு முன்னால் பெண்கள் மைதானத்து ஓரமாகக் கூடி, இன்றைக்கு யார் மோசமாக அடிப்பது என்று போட்டி போட்டுக்கொண்டு, சிரிப்பும் கும்மாளமுமாக ஒரு அடி அடிக்கிறார்கள், மேலே முக்கில் பஸ் திரும்புகிறது. தவமணி இதுவரை ஒரு நாள்கூட நன்றாக அடித்ததில்லை, அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. "ஐயா அடிச்சாரு" என்று சொல்ல வழியில்லாமல் போன ஊர்க்காரர்கள்தான் கொஞ்சநாள் சிரமப்பட்டார்கள்.

ஜெசிந்தா டீச்சரோ அன்றைக்குத் திறந்த வாயை மூடவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது பேசினார், சமைக்கும்போது பேசினார், போன வருஷத்துக் கிறிஸ்துமஸில் ஆரம்பித்துப் பாக்கி வைத்திருந்த அத்தனையையும் வரிசையாக எடுத்துப் பேசினார். பிலவேந்திரன் பூரித்துப்போய்க் கேட்டார், சந்தோஷமாகக் கேட்டார், பிறகு கேட்டார். அந்த வாரக் கடைசியில், சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகக் கீழே குனிந்து, "புட்டு, உங்கம்மாகிட்ட கொஞ்சம் மூச்சு விடச் சொல்லு" என்றார்.

புட்டு ஒரு தடவை அவரைப் பார்த்தது, ஒரு தடவை அந்த அம்மாளைப் பார்த்தது, எழுந்து வாசலுக்குப் போய் வெயிலில் நீட்டிப் படுத்துக்கொண்டது.